கால் நனைக்காத தண்ணீர்

1

குழாயடிக்குப் பக்கத்து வீட்டுப் பாக்கியத்தை பினாங்கில் நம் தெருவில் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? இரட்டைச் சடையும் கட்டைச் செருப்புமாகத் தெருவே அதிர நடப்பாளே, அவள்தான் எழுதுகிறேன். கலியாணம் ஆகி, புருஷனோடு கப்பலேறி, புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் அவர் பிறந்த கிராமத்துக்கு வந்து எட்டு வருஷம் ஆகிறது. விராலிமலைக்குக் கிழக்கே மாட்டு வண்டியில் ஒரு பொழுது வந்தால் எங்கள் ஊர்.

யுத்த காலம் முழுவதும் பினாங்கிலிருந்து ஒரு வரி கிடையாது. அப்பாவும் அண்ணனும் இருக்கிறார்களா, இல்லையா, தெரியாது. போன மாதம் தபால்காரர் ஓர் உறையைக் கொண்டுவந்து நீட்டினார். மேலே அண்ணன் கையெழுத்து. நின்ற இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்துத்தான் பிரித்தேன். அப்பா ஜப்பான்காரன் காலத்தில் காய்ச்சலில் போய்விட்டாராம். மருந்து கிடைக்கவில்லையாம். அண்ணன் மட்டும் அந்த வீட்டில் தனியாக இருக்கிறான். என்னைவிட ஒரே வயது மூத்தவன். அவனுக்கு மரியாதை கொடுத்து எழுதி எனக்குப் பழக்கமில்லை, பத்திரிகாசிரியர் ஆகிவிட்டான் என்பதற்காக மாற்றிக்கொள்ளவும் போவதில்லை.

"கப்பல் மறுபடி ஓடுகிறது. மூன்று பேரும் நாகப்பட்டினம் வந்து ஏறிவிடுங்கள். மாப்பிள்ளைக்குப் பழைய கடையிலேயே வேலை சொல்லி வைத்திருக்கிறேன். நம் கையெழுத்துப் பத்திரிகையை மறுபடி தொடங்கியிருக்கிறேன், அதற்கும் ஏதாவது எழுது" என்று எழுதியவன், கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தான். "அந்தக் காய்ந்த ஊரில் உனக்கு அப்படி என்னதான் இருக்கிறது?"

என் வீட்டுக்காரர் கடிதத்தைப் படித்துவிட்டு மடித்து என்னிடமே கொடுத்தார். பிறகு சொன்னார். "ரெண்டே வருசம்னு வாக்குக் குடுத்துத்தான் ஒன்னைய இங்கிட்டுக் கூட்டியாந்தேன். யுத்தம் வந்து என் வாக்கக் கெடுத்துருச்சு. இப்ப நீ சொல்றதுதான், பாக்கியம். போவோம்னா போவோம், இருப்போம்னா இருப்போம். நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

நான் யோசிக்கக்கூட இல்லை. "போவோம்" என்றேன். அன்றைக்கே ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது.

ஆனாலும் அண்ணனின் அந்தக் கடைசி வரி முள்ளாய்க் குத்திக்கொண்டே இருந்தது. காய்ந்த ஊராம்! புறப்படுவதற்கு முன்னால் அவனுக்கு ஒரு பதில் எழுதிவிட வேண்டும், அதைப் பத்திரிகையிலேயே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். போகிறவள் எழுதுகிற குறிப்பு இது. இந்த ஊரில் என்னை வாய் பிளக்க வைத்த சாதாரண சங்கதிகளைத்தான் சொல்லப் போகிறேன். கோபுரம், தேர், திருவிழாவெல்லாம் வேறு யாராவது எழுதுவார்கள்.

2

முதல் அதிசயம் உப்பு.

நம் வீட்டில் உப்பு ஜாடி எப்போதும் கசிந்துகொண்டே இருக்கும் அல்லவா? தீப்பெட்டி நமுத்துப் போகும். துணி காயாது, காய்ந்தாலும் ஒரு வாடை அடிக்கும். அப்பாவின் தோல் செருப்பை ஒரு வாரம் போடாமல் வைத்தால் பச்சைப் பூஞ்சாளம் பிடித்துவிடும். உலகமே அப்படித்தான் இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இங்கே வந்த மறுநாள் உப்பு வைக்கிற மரக் கிண்ணத்தில் கைவிட்டேன். உப்பு மணல் போல விரலுக்குள்ளிருந்து உதிர்ந்தது. நம்பமாட்டீர்கள், திரும்பத் திரும்ப அள்ளி அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த வீட்டு அழகம்மா அக்கா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "உப்புல என்ன தேடுறீங்க, எதையும் தொலைச்சுட்டீகளா?" என்று கேட்டார். உப்பு காய்ந்திருக்கிறது என்று சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அன்று சாயங்காலத்துக்குள், பினாங்குக்காரிக்குக் கொஞ்சம் கோளாறு என்று ஊரில் பேச்சாகிவிட்டது.

இங்கே காலையில் துவைத்துப் போட்ட புடவை உலை கொதிப்பதற்குள் மொடமொடவென்று காய்ந்துவிடும். வற்றல் போட்டால் அன்றைக்கே கல் மாதிரி ஆகிவிடும். வெயில் என்று நம் ஊரில் நாம் சொல்வது வெயிலே இல்லை, அது வெந்நீர். இது சுத்தமான வெயில். உடம்பைச் சுடுகிறது, வாஸ்தவம்தான். ஆனால் ஒளித்து வைக்காத வெயில்.

மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஊரில் மழை தினமும் மத்தியானம் வந்துவிட்டுப் போகிற விருந்தாளி, யாரும் ஏன் என்று கேட்பதில்லை. குடையை விரித்துக்கொண்டு திட்டுவோம். இங்கே முதல் மழை விழுந்த அன்று பெரிய ஆண்பிள்ளைகள் வீட்டுக்குள் ஓடாமல் வெளியே வந்து நின்றார்கள். என் வீட்டுக்காரர் சட்டையோடு தெருவில் நின்று நனைந்தார். எனக்குச் சிரிப்பாக வந்தது. அடுத்த வருஷம் நானும் போய் நின்றேன்.

3

இரண்டாவது அதிசயம் திசை.

இந்த ஊர்க்காரர்களுக்கு இடது கை, வலது கை என்கிற பேச்சே கிடையாது. பந்தியில் உட்கார்ந்தால் "கொஞ்சம் மேக்கே தள்ளி உக்காருங்க" என்பார்கள். "எலைக்குத் தெக்கே தண்ணி இருக்கு, தட்டிவிட்றாதீங்க" என்பார்கள். நான் பேந்தப் பேந்த விழிப்பேன். கடலும் மலையும் இருக்கிற பினாங்கில் பிறந்த எனக்குக் கடல் பக்கம், மலைப் பக்கம் என்று இரண்டுதான் தெரியும். மேற்கு எது என்று கண்டுபிடித்து நான் நகர்வதற்குள் பக்கத்திலிருப்பவள் சாப்பிட்டு எழுந்துவிடுவாள்.

என் மகள் கமலத்துக்கு ஏழு வயது. என் வயிற்றில் இருந்தபடியே கப்பலில் வந்தவள், பிறந்தது இங்கே. ஒருநாள் விளக்கு அணைந்துபோய்த் தீப்பெட்டியைத் தடவிக்கொண்டிருந்தேன். இருட்டுக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது. "ஆத்தா, ஒனக்கு வடகெழக்கால இருக்கு பாரு." கையை நீட்டினேன், இருந்தது. இந்தக் குழந்தைகளுக்கு மண்டைக்குள்ளேயே சூரியன் இருக்கிறது போலும்.

'அம்மா' என்றுதான் நான் சொல்லிக் கொடுத்தேன். அவள் 'ஆத்தா' என்றே கூப்பிடுகிறாள். பினாங்கைப் பற்றி ஆசை ஆசையாகச் சொன்னால் கதை கேட்கிற மாதிரிக் கேட்டுவிட்டு, "அது ஒங்க ஊரு" என்று சொல்லி ஓடிவிடுகிறாள். அது மட்டும் கொஞ்சம் வலிக்கிறது.

சர்க்கார் கச்சேரி சங்கதி ஒன்று. யுத்தத்தின்போது மண்ணெண்ணெய்க்கு அட்டை கொடுத்தார்கள். அதற்குப் பெயர் பதியப் போனேன். குமாஸ்தா நல்ல மனிதர், என்னை உட்காரச் சொல்லித்தான் விசாரித்தார்.

"பொறந்த ஊரு?"

"பினாங்குங்க."

"எந்தத் தாலுகா? குளத்தூரா, திருமயமா, ஆலங்குடியா?"

"அது கடலுக்கு அந்தப் பக்கங்க."

"அப்ப அறந்தாங்கிப் பக்கமா? அது பிரிட்டிஷ் எல்லையில்ல, நம்ம சமஸ்தானத்துல வராதேம்மா."

"பிரிட்டிஷ்காரன் ஊர்தாங்க. ஆனா அறந்தாங்கி இல்லை. கப்பல்ல போகணும்."

அவர் பேனாவைக் கடித்துக்கொண்டு மேல்கூரையைப் பார்த்தார். அட்டையில் ஊர் எழுதுகிற கட்டத்தில் கப்பலுக்கு இடமில்லை. கடைசியில் 'வெளியூர்' என்று எழுதி மையொற்றும் தாளால் ஒற்றி என்னிடம் கொடுத்தார். அந்த அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது.

அந்தக் கச்சேரி வாசலில்தான் முதன்முதலாக அம்மன் காசை ஆற அமரப் பார்த்தேன். இந்தச் சமஸ்தானத்துக்கென்று சொந்தமாக ஒரு குட்டிச் செப்புக் காசு உண்டு. அதில் ராஜாவின் தலை இல்லை, அம்மன்தான் உட்கார்ந்திருக்கிறாள். புளிக்கும் கறிவேப்பிலைக்கும் அம்மனைக் கொடுத்து வாங்குகிறார்கள்! வெற்றிலைக் கடைக்காரி மடியில் அத்தனை அம்மன். நான் கொஞ்ச நாள் அதைச் செலவழிக்க மனசில்லாமல் சாமி மாடத்தில் வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

4

இனி ஊருணி.

நம் தெருவில் குழாயைத் திருகினால் தண்ணீர் கொட்டும். அது எங்கிருந்து வருகிறது, யார் அனுப்புகிறார்கள் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. இங்கே குடிக்கிற தண்ணீர் ஊருக்கு நடுவே வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறது. மழையில் நிரம்பினால் அடுத்த மழைவரை அதுதான். சுற்றிலும் கரை, கரைமேல் மரங்கள், மேற்கே இறங்குவதற்குக் கல் படி. பூட்டு கிடையாது, வேலி கிடையாது.

ஆடு மாடு குடிக்க, குளிக்க, துவைக்க வேறு குளம் இருக்கிறது. ஊருணியில் ஒருவரும் கால் வைப்பதில்லை. கரைக்கு வெளியே ஒரு கல்தொட்டி. அதில் குளத்துத் தண்ணீர் ஊற்றி வைத்திருப்பார்கள். காலை அங்கே கழுவிக்கொண்டுதான் இறங்க வேண்டும். இறங்கியும் கடைசி உலர்ந்த படியில் நின்று, குனிந்து, குடத்தின் அடியால் தண்ணீரின் மேலே மிதப்பதை லேசாகத் தள்ளி, பிறகுதான் மொள்ள வேண்டும். வீட்டுக்கு வந்து, பானைக்குள்ளே தேத்தாங்கொட்டை என்று ஒரு விதையை உரசி, அதில் ஊற்றி வைப்பார்கள். கலங்கல் எல்லாம் அடியில் இறங்கி, மேலே கண்ணாடி போலத் தண்ணீர் நிற்கும். முதலில் பார்த்தபோது மந்திரம் என்றே நினைத்தேன். இன்றைக்கும் அதை நான் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதுண்டு.

ஆனால் இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. வந்த முதல் மாதம் எனக்கு ஒன்றும் தெரியாது.

அன்று மழை பெய்து ஓய்ந்திருந்தது. தெருவெல்லாம் சேறு. நான் பினாங்கிலிருந்து கொண்டுவந்த கட்டைச் செருப்பை மாட்டிக்கொண்டு, இடுப்பில் குடத்தோடு, டக் டக்கென்று படியில் இறங்கினேன். நேரே தண்ணீருக்குள் கணுக்கால் முங்க நின்றுவிட்டேன். குளிர்ச்சியாக இருந்தது. நம் குழாயடி மேடையில் செய்வது போலவே ஒரு காலால் மறுகாலைத் தேய்த்துச் சேறு போகக் கழுவினேன். செருப்பையும் கழற்றி அலசினேன். ஏதோ பாட்டுக்கூட முணுமுணுத்தேன் என்று நினைக்கிறேன்.

பின்னால் சத்தமே இல்லை. திரும்பினேன். படி முழுவதும் பெண்கள் குடங்களோடு அப்படி அப்படியே நின்றார்கள். யாரும் திட்டவில்லை. அழகம்மா அக்கா மட்டும் கீழே வந்தார்.

"அது குடிக்கிற தண்ணில்ல" என்றார். அவ்வளவுதான்.

நான் வெளியே வந்ததும் அவர் குனிந்து, என் கால் நின்ற இடத்திலிருந்து தண்ணீரை மொண்டு, கரைமேல் கொண்டுபோய் மரத்தடியில் ஊற்றினார். திரும்பி வந்து மறுபடி மொண்டார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். குடம் குடமாக எடுத்து மரங்களுக்கு ஊற்றினார்கள். என்னைப் பார்த்து ஒரு வார்த்தை கிடையாது. நான் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். நாலு வார்த்தை ஏசியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. வீட்டுக்கு வந்து, அடுத்த கப்பலில் என்னை அனுப்பிவிடுங்கள் என்று இவரிடம் அழுதேன்.

மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் வாசலில் ஒரு கம்பு சாத்தியிருந்தது. பழைய கம்பு, கை பட்டுப் பட்டுப் பிடியெல்லாம் வழவழப்பாக இருந்தது. அடிப்பதற்குத்தான் என்று நினைத்தேன். இவரைக் கூப்பிட்டேன். அவர் வந்து பார்த்துவிட்டுக் கம்பைக் கையில் எடுத்தார்.

"இது ஊருணிக் கம்பு, பாக்கியம். வீட்டுக்கு ஒரு நாள் காவல். கம்பு எந்த வாசல்ல இருக்கோ அந்த வீட்டு முறை. பொழுது விடிஞ்சா அடுத்த வாசல்ல சாத்திறணும். நான் பினாங்குக்குப் போனதுலேர்ந்து இந்த வாசலுக்கு இது வந்ததே இல்ல. நாம வந்த பெறகுங்கூடத் தாண்டித்தான் போய்க்கிட்டு இருந்துச்சு."

முந்தின வாசல் அழகம்மா அக்காவுடையது. சாத்திவிட்டுப் போனவர் அவர்தான். நான் கம்பைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போய், இது எனக்குத் தண்டனையா என்று கேட்டேன்.

"தண்டனையா? ஏத்தா, விருந்தாளி கால வச்சா என்ன பண்ண முடியும்? தண்ணிய எறச்சு ஊத்திட்டுப் பேசாம இருக்க வேண்டியதுதான். நம்ம வீட்டுப் பொம்பளைன்னாத்தான கம்பக் குடுத்து உக்கார வைக்கலாம்? போ, போயி உக்காரு. ஆடு எறங்கிறாமப் பாத்துக்க."

அதுவரை என்னை 'வாங்க, போங்க' என்று பேசிக்கொண்டிருந்தவர், அன்றைக்குத்தான் 'போ' என்றார். நான் அன்று முழுவதும் கரையில் கம்போடு உட்கார்ந்திருந்தேன். ஒரு ஆட்டையும் விடவில்லை. இத்தனை ஜனங்களும் ஒரு தண்ணீருக்குக் கட்டுப்பட்டிருக்கிறார்களே, அதற்கு ஒரு போலீஸ்காரன் கூட இல்லையே என்று நினைத்து நினைத்து ஆச்சரியப்பட்டேன். எட்டு வருஷமாக என் முறை தவறியதில்லை.

5

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதாவிட்டால் நான் பொய் சொன்னவளாவேன்.

ஊருணிக்குக் கிழக்கே ஒரு கரை இருக்கிறது. அங்கே படி கிடையாது. கிழக்குத் தெருச் சனங்கள் குடங்களை வைத்துக்கொண்டு அந்தக் கரைக்கு வெளியே நிற்பார்கள். அவர்கள் இறங்கி மொள்ளக் கூடாது. மற்றவர்கள் எல்லாரும் எடுத்து முடித்த பிறகு, முறைக்காரர் யாரோ அவர் மொண்டு ஊற்றினால்தான் தண்ணீர். சில வீட்டு முறையில் உச்சிப்பொழுதுவரை வெயிலில் நிற்பார்கள். இத்தனை அழகான ஏற்பாட்டைச் செய்த அதே ஊர்தான் இதையும் செய்கிறது. எனக்கு ஆறவில்லை.

ஆனால் ஒரு வழக்கம் இருக்கிறது. கம்பு யார் கையில் இருக்கிறதோ அன்றைக்கு அவர் வைத்ததுதான் சட்டம். அதை நான் பிடித்துக்கொண்டேன். என் முறையில் முதல் குடம் கிழக்குக் கரைக்கு. விடிந்ததும் போய் ஊற்றிவிடுவேன். முதல் தடவை அழகம்மா அக்கா முணுமுணுத்தார்.

"ஒங்க ஊருல இப்புடியா?"

"எங்க ஊர்ல குழாய் யாரையும் நீ யாருன்னு கேக்காது அக்கா."

"என்னமோ போ. ஒன் முறை, ஒன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டுக் குடத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் ஊற்றித்தான் கொடுக்கிறேன். நீங்களே இறங்கி எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்கிற நாள் இன்னும் வரவில்லை. அதற்கு என் கம்பு மட்டும் போதாது.

6

கொஞ்சம் ஊர் சுற்றியதையும் சொல்லிவிடுகிறேன். விராலிமலையில் மயில் தெருவில் நடக்கிறது. காலண்டரில் மட்டும் பார்த்த மயில்! ஆனால் அது வாயைத் திறக்காதவரைதான் அழகு. முதலில் அந்தச் சத்தத்தைக் கேட்டு, யாரோ பிள்ளையைப் போட்டு அடிக்கிறார்கள் என்று மலைமேலே ஓடினேன்.

சித்தன்னவாசலுக்கு ஒருமுறை வண்டி கட்டிக்கொண்டு போனோம். பொட்டைக் காடு, வெறும் பாறை. பாறையைக் குடைந்து ஒரு சின்னக் கோயில். உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால் மேல்கூரை முழுவதும் ஒரு தாமரைக் குளம் எழுதியிருக்கிறது. இலை, மொட்டு, மீன், வாத்து, யானை, நடுவில் பூப்பறிக்கிற ஆட்கள். எந்தக் காலத்திலோ சமணர்கள் எழுதியதாம். பச்சை இன்னும் பச்சையாக இருக்கிறது. சொட்டுத் தண்ணீர் இல்லாத இடத்தில், தலைக்கு மேலே ஒரு குளத்தை நிரப்பி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கழுத்து வலிக்கும்வரை பார்த்தேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. கமலம் என் முந்தானையை இழுத்தாள்.

"ஆத்தா, அந்தாளு ஊருணிக்குள்ள எறங்கி நிக்கிறாரே. காலக் கழுவிட்டா எறங்குனாரு?"

யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு கலியாணத்துக்காக மணமேல்குடிக்குப் போயிருந்தோம். வருஷக்கணக்குக்கு அப்புறம் அங்கேதான் கடலைப் பார்த்தேன். அப்பாவும் அண்ணனும் அந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்று கிழக்கே பார்த்து நின்று கையெடுத்துக் கும்பிட்டேன். கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண், "யாரத் தேடுறீங்க?" என்று கேட்டாள். பினாங்கில் அப்பா இருக்கிறார் என்றேன். "அங்கிட்டுப் பாத்தா யாழ்ப்பாணமில்ல இருக்கு. பினாங்கு அதுக்கும் அங்கிட்டு, ரொம்பத் தொலவு" என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்து, "இருந்தாலும் கும்புடுங்க, போய்ச் சேரும்" என்றாள்.

கமலம் அலையைத் தொடவே மாட்டேன் என்றாள். காலை வைக்கலாம், இது குடிக்கிற தண்ணீர் இல்லை என்று சொன்னேன். அவள் அந்தக் கடலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள்.

"இதுக்கு யாரு முறை ஆத்தா?"

அன்றைக்கு அந்தக் கடல் முழுவதும் யுத்தக் கப்பல்கள் என்று பேசிக்கொண்டார்கள்.

7

மேலே எழுதியவரை போகிறவளாகத்தான் எழுதினேன். பெட்டிகூடப் பாதி அடுக்கியாகிவிட்டது. மீதியை இன்று எழுதுகிறேன்.

நாங்கள் போகிறோம் என்று தெரிந்ததிலிருந்து அழகம்மா அக்கா பேச்சில் ஒரு சின்ன மாறுதல். "வாங்க, உக்காருங்க" என்கிறார். ஏதாவது வேலையில் கை கொடுத்தால், "நீங்க இருங்க, நான் பாத்துக்கிறேன்" என்கிறார். கோபமே இல்லை. பயணத்துக்கென்று முறுக்குச் சுட்டுத் தருவதாகக்கூடச் சொன்னார். எனக்குத்தான் அந்த 'வாங்க' கேட்கப் பிடிக்கவில்லை.

இன்று காலை என் முறை. நேற்று அழகம்மா அக்கா வீட்டு முறை என்பதால் இன்று என் வாசலுக்குக் கம்பு வர வேண்டும். கதவைத் திறந்தேன். கம்பு இல்லை. விழுந்துகிடக்கிறதோ என்று சுற்றிலும் பார்த்தேன். தலையைத் தூக்கினால், எங்கள் வீட்டைத் தாண்டி, கருப்பையா வீட்டு வாசலில் அது சாத்தியிருந்தது.

அழகம்மா அக்கா தன் வாசலில் சாணி தெளித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, கம்பு தாண்டிப் போயிருக்கே?"

"நீங்க கப்பலேறப் போறவுக. பொட்டி கட்டுற வேல கெடக்கும். ஒங்களப் போயி எதுக்குச் செரமப்படுத்திக்கிட்டு?" என்று நிமிராமலே சொன்னார்.

நான் குடத்தை எடுத்துக்கொண்டு ஊருணிக்குப் போனேன். தொட்டியில் காலைக் கழுவினேன். படியில் இறங்கி நிமிர்ந்தால், கிழக்குக் கரையில் அந்நேரத்துக்கே ஏழெட்டுப் பெண்கள் குடங்களோடு நின்றார்கள். கருப்பையா முறை என்றால் அவர்கள் விடியலில் வரமாட்டார்கள், வந்து பிரயோஜனமில்லை. வெள்ளச்சி என்கிறவள் அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டுச் சொன்னாள்.

"தாயி, இன்னைக்கு ஒங்க முறைன்னு வெள்ளனே வந்துட்டோம். கம்பு அங்கிட்டுப் போயிருச்சாம்ல, தெரியாமப் போச்சு. நீங்க நல்லபடியாப் போயிட்டு வாங்க தாயி. நாங்க நிக்கிறோம்."

நாங்கள் நிற்கிறோம் என்று அவள் சொன்னது எனக்காக இல்லை. உச்சிப்பொழுதுவரை நிற்பதைத்தான் சொன்னாள்.

அண்ணா, அந்தப் படியில் நின்றுகொண்டு உன்னை நினைத்தேன். அந்த வீட்டில் தனியாக நீ விளக்கு ஏற்றுவதை நினைத்தேன். அப்பாவின் நாற்காலியை நினைத்தேன். உன்னைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை என்பதை எழுதத் தெரியவில்லை. குடத்தைப் படியிலேயே வைத்துவிட்டுத் திரும்பி நடந்தேன். கருப்பையா வீட்டு வாசலுக்குப் போய்க் கம்பை எடுத்தேன்.

அழகம்மா அக்கா சாணி வாளியோடு தெருவுக்கு வந்துவிட்டார். "என்னங்க, கம்ப எடுக்குறீங்க? முறைய எடுத்துக்கிட்டா அடுத்த மழை வரைக்கும் நடுவுல விட்டுட்டுப் போகக் கூடாது. தண்ணிக்கு ஆகாது. கப்பலு?"

"கப்பல் போகட்டும் அக்கா."

"அண்ணே தனியா இருக்காருன்னீங்களே?"

"அவனை இங்கே வரச் சொல்றேன்."

அவர் வாளியைக் கீழே வைத்தார். முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப ஏண்டி இங்க நின்னு பேசிக்கிட்டு இருக்க? அங்கிட்டு அவளுக நிக்கிறாளுக பாரு, போயி ஊத்து" என்றார்.

வீட்டுக்காரரிடம் வந்து சொன்னபோது அவர் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். எழுந்து பெட்டியைத் திறந்து, அடுக்கிய துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடியில் போட ஆரம்பித்தார். கமலம் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு ஓடினாள்.

கரையில் கம்பை மடியில் வைத்துக்கொண்டுதான் இந்தக் கடைசிப் பக்கத்தை எழுதுகிறேன். எனக்கு இங்கே என்னதான் இருக்கிறது என்று கேட்டாயே அண்ணா, இருக்கிறது. எனக்கு ஒரு முறை இருக்கிறது. நான் எழுந்து போனால் நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். கப்பல் இங்கேயிருந்து அங்கே போகிறதென்றால் அங்கேயிருந்து இங்கேயும் வருமல்லவா? வீட்டைப் பூட்டிவிட்டு நீ புறப்பட்டு வா. நாகப்பட்டினத்துக்கு நாங்கள் மூன்று பேரும் வந்து நிற்போம். கச்சேரியில் பிறந்த ஊர் எந்தத் தாலுகா என்று கேட்டால் அறந்தாங்கி என்று சொல்லாதே. அப்பாவின் தோல் செருப்பு இருந்தால் கொண்டுவா, எனக்கு வேண்டும்.

ஆனால் ஊருணிக்கு வரும்போது உன் செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிடு. தொட்டியில் காலைக் கழுவிக்கொண்டு இறங்கு. மறந்துபோய் உள்ளே கால் வைத்தாலும் பயப்படாதே. மறுநாள் காலையில் கம்பு நம் வாசலுக்கு வரும்.